கடல் அமிலமானால் கடற்புல்லுக்கு லாபமா? இலைமேல் வாழும் உயிர்களையும் சேர்த்துக் கணக்கிட்டால்

கடல் அமிலமயமாதல் பற்றி இரண்டு விதமான செய்திகள் மாறி மாறி வருகின்றன. கடல்நீரில் அமிலத்தன்மை கூடுவதால் பவளங்களும் சிப்பிகளும் ஓடு கட்ட முடியாமல் தவிக்கின்றன என்பது ஒன்று. அதே மாற்றத்தால் கடற்புல் செழிக்கிறது, அது சுற்றியுள்ள நீரின் அமிலத்தையும் குறைத்துக் கொடுக்கிறது என்பது இன்னொன்று. இரண்டையும் படித்தவர் எதை நம்புவது என்று குழம்பினால் அது அவர் தவறு இல்லை. இரண்டுமே முறையான ஆய்வுகளிலிருந்து வந்தவைதான்.

சிக்கல் எங்கே என்றால், இரண்டாவது வகைச் செய்தி பெரும்பாலும் புல்லை மட்டும் அளந்துவிட்டு நின்றுவிடுகிறது. கடற்புல்லின் ஒவ்வொரு இலையின் மேலும் பாசிகளும் புழுக்களும் நத்தைகளும் நுண்ணுயிர்களும் குடியிருக்கின்றன. மீன்களுக்கு உணவாவதில் பெரும்பங்கு இந்தக் கூட்டம்தான். புல் தழைத்து, இந்தக் கூட்டம் மாறிப்போனால் அதை லாபம் என்று எழுதலாமா? அதற்கு முதலில் வேதியியலைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

கரியமில வாயு கடலுக்குள் போனால் என்ன நடக்கிறது

தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சம் பங்கில் சுமார் 280 பங்கு கரியமில வாயு இருந்தது. இப்போது அது 420-ஐத் தாண்டிவிட்டது. நாம் எரித்து வெளியேற்றுவதில் ஏறத்தாழ கால் பங்கைக் கடல் உறிஞ்சிக்கொள்கிறது. உறிஞ்சிய வாயு அப்படியே கரைந்து கிடப்பதில்லை.

1. கரியமில வாயு நீருடன் சேர்ந்து கார்போனிக் அமிலம் ஆகிறது. இது வலுக் குறைந்த அமிலம்.

2. அந்த அமிலம் உடனே பிரிந்து ஒரு ஹைட்ரஜன் அயனியையும் ஒரு பைகார்பனேட் அயனியையும் தருகிறது. நீரில் ஹைட்ரஜன் அயனிகள் கூடுவதைத்தான் அமிலத்தன்மை கூடுகிறது என்கிறோம்.

3. புதிதாக வந்த ஹைட்ரஜன் அயனிகளில் பெரும்பாலானவை, நீரில் ஏற்கெனவே இருக்கும் கார்பனேட் அயனிகளைப் பிடித்து அவற்றையும் பைகார்பனேட்டாக மாற்றிவிடுகின்றன.

4. ஆக, முடிவில் மூன்று மாற்றங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன: கரைந்த கரியமில வாயு கூடுகிறது, பைகார்பனேட் கொஞ்சம் கூடுகிறது, கார்பனேட் குறைகிறது.

நான்காவதில் உள்ள அந்த மூன்று மாற்றங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டும் ஒளிச்சேர்க்கை செய்பவருக்கு வரவு. மூன்றாவது, சுண்ணாம்பு ஓடு கட்டுபவருக்குச் செலவு. ஓடு என்பது கால்சியம் கார்பனேட்; அதற்கான கார்பனேட் நீரில் குறைந்துகொண்டே போகிறது.

அமிலத்தன்மையை அளக்கும் அளவுகோல் பிஎச். எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடும். 7 என்பது நடுநிலை. தொழிற்புரட்சிக்கு முன் கடலின் மேற்பரப்பு சராசரியாக 8.2-ஐ ஒட்டி இருந்தது, இப்போது 8.1-ஐ ஒட்டி இருக்கிறது. அப்படியானால் கடல் இன்னும் காரத்தன்மையில்தானே இருக்கிறது என்று கேட்கலாம். ஆம். அமிலமயமாதல் என்பது மாற்றத்தின் திசையைச் சொல்கிறது, கடல்நீர் எலுமிச்சைச் சாறாகிவிட்டது என்று பொருள் இல்லை. அதே சமயம் 0.1 என்பது அற்பமும் இல்லை. பிஎச் மடக்கை அளவுகோல் என்பதால் 0.1 குறைவு என்றால் ஹைட்ரஜன் அயனிகள் கால் பங்குக்கு மேல் கூடியிருக்கின்றன என்று அர்த்தம், 0.3 குறைந்தால் இரு மடங்காகும். வெளியேற்றம் இன்றைய போக்கைவிடக் கூடிக்கொண்டே போனால், இந்த நூற்றாண்டின் முடிவில் இன்னும் சுமார் 0.3 குறையும் என்பது காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழுவின் மதிப்பீடு.

கடற்புல் ஏன் கரியமில வாயுவை வரவேற்கிறது

கடற்புல் பாசி வகை அல்ல. வேர், தண்டு, இலை, பூ, விதை எல்லாம் உள்ள பூக்கும் தாவரம். நிலத்திலிருந்து கடலுக்குத் திரும்பிப் போன செடிகளின் வழிவந்தது. உலகம் முழுக்க எழுபதை ஒட்டிய இனங்கள்தான் உண்டு. நிலத்தில் உள்ள பூக்கும் தாவரங்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய குடும்பம்.

நிலத்துத் தாவரம் காற்றிலிருந்து கரியமில வாயுவை நேரடியாக எடுத்துக்கொள்கிறது. கடலுக்குள் அது சுலபமில்லை. கடல்நீரில் கரைந்திருக்கும் கனிமக் கார்பனில் பத்தில் ஒன்பது பங்கு பைகார்பனேட். கரியமில வாயுவாக இருப்பது நூற்றில் ஒரு பங்கு அளவுதான். போதாததற்கு, வாயு நீருக்குள் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு குறைவு. அதனால் கடற்புல் பைகார்பனேட்டை உடைத்துப் பயன்படுத்தும் ஏற்பாட்டை வைத்திருக்கிறது. ஆனால் அந்த ஏற்பாட்டில் பெரும்பாலான பாசிகள் அளவுக்கு அது தேர்ந்ததில்லை. அதற்குச் சக்தியும் செலவாகிறது. நல்ல வெயில் அடிக்கும் நண்பகலில்கூட, ஒளி இருந்தும் கார்பன் போதாமல் இதன் ஒளிச்சேர்க்கை தடைபடுவது உண்டு.

கரைந்த கரியமில வாயு கூடினால் இந்தத் தடை தளர்கிறது. ஸோஸ்டெரா மரினா என்ற வடக்குக் கடற்பரப்புகளின் கடற்புல்லை ஒரு வருடம் முழுவதும் கரியமில வாயு கூட்டிய திறந்தவெளித் தொட்டிகளில் வளர்த்துப் பார்த்தார்கள். முடிவு 2007-ல் வெளியானது. போதுமான வெளிச்சம் கிடைத்த தொட்டிகளில் பூப்பது கூடியது, மண்ணுக்கடியில் உள்ள தண்டும் வேரும் பெருத்தன, புதிய முளைகள் அதிகம் வந்தன. இலையின் அளவோ இலை வளரும் வேகமோ கூடவில்லை. மிஞ்சிய சர்க்கரையைச் செடி கீழே சேமித்துக்கொண்டது. மங்கலான வெளிச்சத்தில் வளர்ந்தவற்றுக்கு இந்த லாபம் கிடைக்கவில்லை. இந்தக் கடைசி வரி தலைப்புச் செய்திகளில் வருவதே இல்லை. கட்டுரையின் பிற்பகுதியில் அதற்குத் திரும்புவோம்.

ஒரு இலையைக் கிட்டத்தில் பார்த்தால்

மத்தியதரைக் கடலில் வளரும் பொசிடோனியா ஓசியானிக்கா என்ற கடற்புல்லை எடுத்துக்கொள்வோம். இலை நாடா போன்றது: அகலம் ஒரு சென்டிமீட்டர் அளவு, நீளம் ஒரு மீட்டர்வரை போகும். இலை வளர்வது அடியிலிருந்து. நுனிதான் அதன் மூத்த பகுதி, அடிப்பகுதி நேற்று முளைத்தது. ஆகவே ஒரே இலையில் குடியேற்றத்தின் முழு வரலாற்றையும் கீழிருந்து மேலாகப் படிக்கலாம்.

அடிப்பகுதி வழவழப்பான பச்சை. அங்கே பாக்டீரியாக்களும் டயட்டம் என்ற நுண்பாசிகளும் மட்டும் மெல்லிய படலமாக இருக்கும். கொஞ்சம் மேலே வந்தால் இளஞ்சிவப்பும் வெள்ளையுமான வட்டத் திட்டுகள் தென்படும். இவை சுண்ணாம்புச் செம்பாசிகள்: செல் சுவர்களிலேயே சுண்ணாம்பைப் படியவைத்துக்கொள்ளும் பாசிகள். இன்னும் மேலே பிரையோசோவன்கள். பார்வைக்குப் பாசி போலத் தெரிந்தாலும் இவை வலைப்பின்னல் போன்ற சிறு சுண்ணாம்பு அறைகளில் கூட்டமாக வாழும் விலங்குகள். அவற்றுக்கிடையே ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள சுருள் குழாய்ப்புழுக்கள், ஒற்றைச் செல் உயிரிகளான ஃபோராமினிஃபெராக்கள். நுனிக்குப் போனால் இலை பச்சையாகவே தெரியாது. திட்டுகள் ஒன்றோடொன்று இணைந்து வெள்ளைத் தோல் போலாகி, அதன் மேல் நூல் போன்ற பாசிகள் குச்சம் குச்சமாகத் தொங்கும். இப்படி இலையை ஒட்டி வாழ்பவற்றை ஒட்டுயிரிகள் என்பார்கள். இவற்றை மேய்ந்தபடி இறால் போன்ற சிற்றுயிர்களான ஆம்பிபாடுகளும் குட்டி நத்தைகளும் இலை நெடுகத் திரியும்.

மேலே சொன்ன குடியிருப்பாளர்களில் பாதிக்கு மேல் சுண்ணாம்பு கட்டுபவர்கள். அதிலும் செம்பாசிகள் பயன்படுத்துவது மெக்னீசியம் கூடுதலாகக் கலந்த கால்சைட். கால்சியம் கார்பனேட்டின் வடிவங்களில் கடல்நீரில் எளிதாகக் கரையக்கூடியது இதுதான். பவளமும் பல நத்தைகளும் பயன்படுத்தும் அராகனைட்டைவிடவும் எளிதாகக் கரையும். அதாவது கடல்நீரில் கார்பனேட் குறைந்தால் முதலில் அடிபடுபவர், கடற்புல் இலையை அதிகம் மூடியிருப்பவர்.

இஸ்கியா தீவின் குமிழிகள்

தொட்டியில் சில வாரங்கள் நடத்தும் சோதனை ஒரு செடியைப் பற்றிச் சொல்லும். ஒரு சமூகம் பல தலைமுறையாக எப்படி மாறும் என்பதைச் சொல்லாது. அதற்கு இயற்கையே ஏற்படுத்திவைத்த இடங்கள் சில இருக்கின்றன. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகருக்கு அருகே உள்ள இஸ்கியா தீவில், காஸ்தெல்லோ அரகோனீஸ் என்ற கோட்டையை ஒட்டி, ஆழம் குறைந்த கடலடியிலிருந்து எரிமலை வாயு குமிழ் குமிழாக வந்துகொண்டிருக்கிறது. வாயுவில் 90 சதவீதத்துக்கு மேல் கரியமில வாயு. கந்தகம் இல்லை, நீரும் சூடாவதில்லை. அதனால் மற்ற காரணங்களின் குறுக்கீடு குறைவாக, கரியமில வாயுவின் விளைவைப் பார்க்க முடிகிறது. குமிழிகளிலிருந்து விலகிப் போகப் போக பிஎச் படிப்படியாகக் கூடி, சில நூறு மீட்டருக்குள் வழக்கமான கடல்நீர் வந்துவிடும். எதிர்காலக் கடலும் இன்றைய கடலும் ஒரே கரையில் பக்கத்தில் பக்கத்தில்.

2008-ல் இந்த இடத்தைப் பற்றி வெளியான இரண்டு ஆய்வுகள் இந்தத் துறையின் போக்கையே மாற்றின. முதல் ஆய்வில், சராசரி பிஎச் 7.6 உள்ள பகுதியில்தான் கடற்புல்லின் உற்பத்தி மிக அதிகமாக இருந்தது. அதே பகுதியில் சுண்ணாம்புச் செம்பாசிகள் வெகுவாகக் குறைந்திருந்தன; நத்தைகளின் ஓடுகள் கரைந்துகொண்டிருந்தன. செய்திகள் பெரும்பாலும் முதல் பாதியை எடுத்துக்கொண்டன.

இரண்டாவது ஆய்வு இலையின் மேற்பரப்பையே கூர்ந்து பார்த்தது. பிஎச் 8.2 உள்ள இடத்தில் இலைமேல் இருந்த சுண்ணாம்பில் பெரும்பங்கு செம்பாசிகளுடையது. சராசரி 7.7-க்கு வந்ததும் செம்பாசிகள் அறவே இல்லை. சுண்ணாம்பு கட்டுபவர்களில் அங்கே மிஞ்சியிருந்தவை பிரையோசோவன்கள் மட்டும். இலைமேல் உள்ள மொத்தச் சுண்ணாம்பின் எடை 90 சதவீதம் குறைந்திருந்தது. ஆய்வகத்தில் பிஎச் 7.0 உள்ள நீரில் இரண்டு வாரம் வைத்தபோது செம்பாசிகள் முழுவதும் கரைந்துபோயின.

வினிகரில் போட்ட முட்டை ஓடு போல எல்லாச் சுண்ணாம்பு உயிரிகளும் உடனே கரைந்துவிடும் என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. பிரையோசோவன்கள் தாக்குப்பிடித்தது அதனால்தான் கவனிக்க வேண்டிய செய்தி. தன் ஓட்டை உயிருள்ள திசுவால் போர்த்திவைத்திருக்கும் உயிரிக்கும், ஓடு நீரில் நேரடியாக நனையும் உயிரிக்கும் வித்தியாசம் உண்டு. ஓடு கட்டும் இடத்தில் உள்ள நீரிலிருந்து ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ளும் திறன் சிலவற்றுக்கு உண்டு. அதற்குச் சக்தி செலவாகும், ஆகவே நல்ல தீனி கிடைத்தால் தாங்கும், பசியில் இருந்தால் தாங்காது. பெரியவை தாங்கும் நீரைக் குஞ்சுகள் தாங்குவதில்லை. இஸ்கியாவில் சுருள் குழாய்ப்புழுக்கள் அமிலம் மிகுந்த பகுதியில் குடியேறவே இல்லை.

வெப்பமண்டலத்தில் இதற்கு இணையான இடம் பப்புவா நியூ கினியின் மில்ன் விரிகுடா. அங்கும் குமிழிகளை ஒட்டிக் கடற்புல் அடர்ந்து வளர்கிறது. ஃபோராமினிஃபெராக்களோ பிஎச் 7.9-க்குக் கீழே போனதும் ஏறக்குறைய இல்லாமலே போகின்றன. 7.9 என்பது தொலைதூர எண் அல்ல. வெளியேற்றம் குறையாவிட்டால் இந்த நூற்றாண்டுக்குள் வந்துவிடக்கூடியது.

எல்லா இடத்திலும் இதே கதைதானா என்றால், இல்லை. இத்தாலியிலேயே வுல்கானோ தீவின் குமிழிகளுக்கு அருகே வளரும் சைமோடோசியா என்ற கடற்புல் இஸ்கியாவின் புல்லைப் போலக் கொழிக்கவில்லை. கார்பன் தாராளமாக இருந்தும் மற்ற ஊட்டங்கள் போதாவிட்டால் செடியால் அதைப் பயன்படுத்த முடியாது. ஒரே ஒரு இடத்தின் முடிவை வைத்துக் கடற்புல் வெற்றி பெறும் என்று எழுதுவது அவசரம்.

வெள்ளைத் தோல் போனால் யாருக்கு என்ன

சுண்ணாம்புத் திட்டுகள் இலைக்கு வரும் வெளிச்சத்தை மறைக்கின்றன. அவை போனால் புல்லுக்கு நல்லதுதானே? ஓரளவுக்கு ஆம். ஆனால் அந்தத் திட்டுகளுக்கு வேறு வேலைகளும் உண்டு.

முதலாவது, மேய்ச்சல். சுண்ணாம்பு பூசிய இலை கடிப்பதற்குக் கரடுமுரடு, சத்தும் குறைவு. வெறும் பச்சை இலை மென்மையானது. இஸ்கியாவின் அமிலப் பகுதியில் இலைகள் குட்டையாக இருந்தன. மீன்கள் கடித்த தடங்கள் அவற்றில் கூடுதலாக இருந்தன. அங்கே கடற்புல்லை மேயும் முக்கியமான மீன் சார்ப்பா சால்ப்பா.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. கடற்புல் தன் இலைகளில் பீனால் வகைச் சேர்மங்களை வைத்திருக்கிறது. மேய்பவற்றுக்குக் கசப்பாகவும் நோய்க்கிருமிகளுக்குத் தடையாகவும் இருப்பவை இவை. வுல்கானோவின் குமிழிகளை ஒட்டிய சைமோடோசியாவிலும், அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் கரியமில வாயு கூட்டிப் பார்த்த நீர்த்தாவரங்களிலும் இந்தச் சேர்மங்கள் குறைந்தன என்று 2012-ல் ஓர் ஆய்வு காட்டியது. நிலத்துத் தாவரங்களில் கரியமில வாயு கூடினால் பீனால்கள் கூடுவதுதான் வழக்கம். கடலில் அது தலைகீழாக நடப்பதை யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. செடி தழைக்கிறது, அதே நேரம் தன் காப்பை இழக்கிறது.

காப்பு இழந்த கடற்புல்லுக்கு என்ன ஆகக்கூடும் என்பதற்கு வரலாற்றில் பதிவு இருக்கிறது. 1930-களில் லேபிரிந்துலா என்ற நுண்ணுயிர் உண்டாக்கிய வாடல் நோயில் வட அட்லாண்டிக் கரைகளின் ஸோஸ்டெரா ஏறக்குறைய முழுவதும் அழிந்தது. அந்த இலைகளின் மேல் மட்டுமே வாழ்ந்து, அதை மட்டுமே சுரண்டித் தின்ற லொட்டியா அல்வியஸ் என்ற சிறு நத்தை இனம் அதோடு முற்றிலும் அற்றுப்போனது. கடலின் முதுகெலும்பில்லா விலங்குகளில், மனித வரலாற்றுக் காலத்தில் அற்றுப்போனதாகப் பதிவான முதல் இனம் அது. அந்த நோய்க்குக் காரணம் அமிலமயமாதல் அல்ல. ஆனால் இலையையே உலகமாகக் கொண்ட உயிரிகள் உண்டு, இலைக்கு ஒன்று நேர்ந்தால் அவற்றுக்குப் போக்கிடம் இல்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் கிடையாது. கடற்புல் பின்னர் பல இடங்களில் மீண்டது, நத்தை மீளவில்லை.

இரண்டாவது, மணல். ஒட்டுயிரிகள் கட்டிய சுண்ணாம்பு இலை உதிரும்போது கடலடியில் சேர்கிறது. வெப்பக் கடல்களின் வெண்மணலில் இதற்கும் பங்கு உண்டு. இதில் ஒரு நுட்பமும் இருக்கிறது. சுண்ணாம்பு கட்டும் வேதிவினையில் கரியமில வாயு வெளியாகிறது. ஆகவே சுண்ணாம்பு உயிரிகள் குறைந்தால் அந்த வெளியேற்றமும் குறையும். கடற்புல்வெளியின் கார்பன் கணக்கில் இதை ஒரு வரவாகக் காட்டுபவர்கள் உண்டு. கணக்கு சரிதான், ஆனால் ஓர் உயிர்ச்சமூகம் காலியானதை வரவுப் பத்தியில் எழுதும்போது பக்கத்திலேயே என்ன போனது என்பதையும் எழுத வேண்டும்.

மூன்றாவது, குஞ்சுகள். விசிறிச்சிப்பி போன்றவற்றின் குஞ்சுகள் கடலடியில் ஊரும் நண்டுகளிடமிருந்து தப்ப, மெல்லிய நூலால் கடற்புல் இலையில் தங்களைக் கட்டிக்கொண்டு உயரத்தில் இருக்கும். அமெரிக்க அட்லாண்டிக் கரையின் விரிகுடா விசிறிச்சிப்பியின் குஞ்சுகள் கரியமில வாயு கூடிய நீரில் பிழைப்பது குறைந்ததும், வளர்ச்சி தாமதப்பட்டதும் 2009-ல் வெளியான சோதனையில் தெரிந்தது. புல் அடர்த்தியாக இருந்தால் ஒட்டிக்கொள்ள இடம் நிறைய. ஒட்டிக்கொள்ள வருபவை எண்ணிக்கையில் குறைந்தால் அந்த இடம் சும்மா கிடக்கும்.

இனி மறுபக்கம். இஸ்கியாவின் அமிலப் பகுதியில் கடற்புல்லுக்குள் திரியும் சிறு விலங்குகளை எண்ணிப் பார்த்தபோது, மொத்த எண்ணிக்கை வழக்கமான பகுதியைவிட ஏறத்தாழ இரு மடங்கு இருந்தது. புல் அடர்ந்ததால் ஒளிய இடமும் தீனியும் கூடி, அமிலத்தின் நேரடித் தொல்லையைச் சில உயிரிகளுக்கு அது ஈடுகட்டியிருக்கிறது. சுவீடனின் மேற்குக் கரையில் நடந்த தொட்டிச் சோதனை ஒன்று இன்னொரு கோணத்தைக் காட்டியது: வெப்பத்தையும் அமிலத்தையும் கூட்டியபோது, மேயும் சிற்றுயிர்கள் இருந்த தொட்டிகளில் பாசிகளில் மாற்றம் குறைவு, மேய்பவை இல்லாத தொட்டிகளில் மாற்றம் பெரிது. ஆக, உயிர்க்கூட்டம் முழுமையாக இருந்தால் அதிர்ச்சியைக் கொஞ்சம் தாங்கிக்கொள்கிறது. மீன்பிடிப்பாலோ மாசாலோ அந்தக் கூட்டம் ஏற்கெனவே குலைந்திருந்தால் தாங்குவதற்கு ஆள் இல்லை.

கடற்புல் அமிலத்தைக் குறைக்கிறது என்பது எவ்வளவு உண்மை

பகலில் கடற்புல் கரியமில வாயுவை உறிஞ்சுகிறது. நீரின் பிஎச் ஏறுகிறது. இரவில் புல்லும் அதனோடு வாழும் எல்லாமும் மூச்சு விடுகின்றன, பிஎச் இறங்குகிறது. அடர்ந்த, நீரோட்டம் குறைந்த புல்வெளியில் ஒரே நாளில் இந்த ஏற்ற இறக்கம் 0.5-ஐத் தாண்டுவதும் உண்டு. ஒரு நூற்றாண்டில் திறந்த கடலில் வரப்போகும் மாற்றத்தைவிடப் பெரிய ஊசல் அங்கே தினமும் நடக்கிறது.

இலையின் மேற்பரப்பை ஒட்டிய மிக மெல்லிய நீர்ப்படலத்தில் இது இன்னும் தீவிரம். பகலில் அந்தப் படலத்தின் பிஎச் 9-வரைகூட ஏறலாம். இலைமேல் ஒட்டியிருக்கும் செம்பாசிக்கு அது பொற்காலம். சில மணி நேரம் சுலபமாகச் சுண்ணாம்பு கட்டலாம். இரவில் நிலைமை தலைகீழ். பகலில் கட்டியது இரவில் கரைவதைவிட அதிகமாக இருக்கும்வரை பாசி பிழைக்கும். சுற்றியுள்ள நீரின் பிஎச் மொத்தமாக இறங்கினால் இரவு இழப்பு கூடி, ஒரு கட்டத்தில் பகல் வரவை மிஞ்சிவிடும். இஸ்கியாவில் 7.7-ல் செம்பாசி இல்லாமல் போனதற்குப் பொருத்தமான விளக்கம் இது. இலையின் ஒளிச்சேர்க்கை தரும் பாதுகாப்பு உண்மையானது, ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு.

பெரிய அளவில் என்ன நடக்கிறது? கலிஃபோர்னியா கரையில் ஏழு கடற்புல்வெளிகளில் ஆறு ஆண்டுகள் எடுத்த அளவீடுகள் 2021-ல் வெளிவந்தன. பக்கத்தில் புல் இல்லாத இடங்களோடு ஒப்பிட்டால் புல்வெளிகளில் அமிலத்தன்மை 30 சதவீதம் வரை குறைந்திருந்த காலங்கள் இருந்தன. சில சமயம் இரவிலும் விடாமல் மூன்று வாரம் வரை இந்த நிலை நீடித்தது. நம்பிக்கை தரும் முடிவுதான். அதே சமயம், புல்வெளிக்குப் புல்வெளி, பருவத்துக்குப் பருவம் விளைவு மாறியது. நீர் வேகமாக மாறும் இடத்தில் புல் உறிஞ்சியதன் பலன் நீரோடு போய்விடும். குளிர்காலத்தில் இலை உதிர்ந்து மக்கும்போது கரியமில வாயு திரும்பிவரும். சிப்பி வளர்ப்பவர்கள் கடற்புல்லுக்குப் பக்கத்தில் இடம் தேடுவது அர்த்தமுள்ள முயற்சி. கடலின் அமிலமயமாதலுக்குக் கடற்புல் மருந்து என்பது அந்த அளவீடுகள் சொல்லாத செய்தி.

லாபத்துக்கான நிபந்தனைகள்

கடற்புல் தழைக்கும் என்ற கணிப்பு நிறைவேற மூன்று விஷயங்கள் சேர்ந்து வர வேண்டும்.

1. வெளிச்சம். கடற்புல்லுக்கு மேற்பரப்பில் விழும் ஒளியில் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் ஒரு பங்குவரை தேவை. பாசிகளைவிட இது பல மடங்கு. 2007-ன் தொட்டிச் சோதனையில் மங்கலான நீரில் லாபம் கிடைக்காமல் போனது இதனால்தான். கரையோரக் கடலில் கழிவுநீரும் உரமும் கலந்தால் நுண்பாசி பெருகி நீர் கலங்குகிறது. அந்தப் பாசி செத்து மக்கும்போது கரியமில வாயு வெளியாகி அந்த இடத்தின் பிஎச்சையும் இறக்குகிறது. அதாவது கரையோரத்தில் கூடுதல் கரியமில வாயு பெரும்பாலும் இருட்டோடு சேர்ந்தே வருகிறது. புல்லுக்கு அது சாப்பிட முடியாத சாப்பாடு.

2. வெப்பம். அமிலமயமாக்கும் அதே வாயுதான் கடலைச் சூடாக்கவும் செய்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் 2010–11 கோடையில் வந்த கடல் வெப்ப அலையில் சுமார் 1,000 சதுர கிலோமீட்டர் கடற்புல்வெளி சேதமடைந்தது. கரியமில வாயு கூடுதலாகக் கிடைப்பது வெப்பத்தைத் தாங்க ஓரளவு உதவலாம். கொல்லும் அளவு வெப்பத்துக்கு அது ஈடாகாது.

3. இருப்பதற்கு இடம். 2009-ல் உலக அளவில் தொகுத்த கணக்குப்படி, 1980-லிருந்து ஆண்டுக்கு 110 சதுர கிலோமீட்டர் வீதம் கடற்புல் அழிந்துவந்திருக்கிறது. தூர்வாருதல், கரையோரக் கட்டுமானம், நங்கூரம், இழுவலை, கழிவுநீர் எல்லாம் இதில் சேரும். இல்லாத புல் எந்த பிஎச்சிலும் தழைக்காது.

ஆய்வுச் செய்தியைப் படிக்கும்போது

புல்லின் அடர்த்தியும் எடையும் மட்டும் அளந்த ஆய்வா, இலைமேல் உள்ளவற்றையும் எண்ணிய ஆய்வா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அப்புறம் காலம்: நான்கு வாரத் தொட்டிச் சோதனையில் புல் தழைப்பது தெரியும், பீனால் குறைந்ததன் விளைவு தெரியாது, அதற்கு மேய்பவரும் நோய்க்கிருமியும் வந்து சேர வேண்டும். பிஎச் சராசரியை மட்டும் கொடுத்திருக்கிறார்களா, இரவின் அடிமட்டத்தையும் கொடுத்திருக்கிறார்களா என்பதும் முக்கியம். ஓடு கரைவதைத் தீர்மானிப்பதில் அந்த அடிமட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

எரிமலைக் குமிழிகளுக்கும் ஒரு குறை உண்டு. பக்கத்திலேயே வழக்கமான கடல் இருப்பதால் குஞ்சுகளும் விதைகளும் வெளியிலிருந்து வந்துகொண்டே இருக்கின்றன. அமிலப் பகுதியில் பிறப்பு விகிதம் சரிந்தாலும் வெளியூர் வரத்து அதை மறைத்துவிடும். எதிர்காலக் கடலில் அப்படி வந்து சேர வெளியூர் இருக்காது. ஆகவே இஸ்கியாவில் இரு மடங்கு சிற்றுயிர்கள் இருந்ததை வைத்து அதே பெருக்கத்தைக் கடல் முழுவதும் எதிர்பார்ப்பது மிகையான நம்பிக்கை. அங்கே காணாமல் போனவற்றை நாளைய கடலிலும் காணாமல் போகக்கூடியவை என்று கொள்வதற்குத்தான் அதிக நியாயம் இருக்கிறது: வெளியிலிருந்து தொடர்ந்து வந்தும் அவற்றால் அங்கே நிலைக்க முடியவில்லை.

கரியமில வாயு வெளியேற்றம் உலக நாடுகள் சேர்ந்து குறைக்க வேண்டியது. கழிவுநீரைச் சுத்திகரித்து விடுவதும், புல்வெளிமேல் நங்கூரம் பாய்ச்சாமல் மிதவை கட்டிக் கொடுப்பதும், தூர்வாரும் மண்ணைப் புல்மேல் கொட்டாமல் இருப்பதும் அந்தந்தக் கரையிலேயே முடிவு செய்யக்கூடியவை. நீர் தெளிந்தால் புல்லுக்கு வெளிச்சம் கிடைக்கும், மக்கும் பாசியிலிருந்து வரும் கூடுதல் அமிலமும் குறையும். இலைமேல் உள்ள செம்பாசிக்குப் பகலில் கட்டிக்கொள்ள இன்னும் சில மணி நேரம் கிடைக்கும். வெளியேற்றம் குறையும்வரை புல்லுக்கும் அதன் இலைமேல் உள்ள குடியிருப்பாளர்களுக்கும் சேர்த்துப் பலன் தரக்கூடிய வேலைகள் இவை.